‘வீடு’ என்று ஒட்டியிருந்த டிஸ்க்

எங்கள் வீட்டு அலமாரியில், பத்திரமும் ரேஷன் அட்டையும் இருக்கும் தட்டுக்குக் கீழ்த்தட்டில், பழைய தோர்த்துத் துண்டு ஒன்றில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. கையடக்க வேதாகமத்தின் அளவு. மருந்துக்கடையில் விற்கும் வெள்ளைப் பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டி, பேனாவால் ‘வீடு’ என்று எழுதியிருக்கிறது. பிளாஸ்திரி பழுப்பேறி ஓரம் சுருண்டுவிட்டது; எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. கையெழுத்து என்னுடையதல்ல. டிஸ்க்கும் என்னுடையதல்ல. சுத்தியலால் உடைத்து ஆற்றில் போட்டுவிட்டதாக ஒன்பது வருடத்துக்கு முன் ஒருவரிடம் நான் உறுதி சொன்ன பொருள் அது. வருடத்துக்கு ஒருமுறை அதை எடுத்து, அதற்கென்றே வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பொத்தானை அமுக்குவேன். கொஞ்ச நேரம் கரகரவென்று இருமிவிட்டு, அது ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை மாலையில் கண்விழிக்கும். நான் உடனே அணைத்துவிட்டுத் துண்டில் சுற்றி வைத்துவிடுவேன். “ஆண்டு நினைவு ஆராதனை நடத்துற மாதிரில்லா இருக்கு” என்பாள் மனைவி. அவள் சொன்னதில் பெரிய தவறில்லை.

மார்த்தாண்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு அச்சகம். அதில் நான் பிழைதிருத்துபவனாகப் பத்தொன்பது வருடம் இருந்தேன். தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு இந்த உலகத்தில் பிறர் செய்த பிழையைத் திருத்துவதைத் தவிர வேறு வேலை கிடைப்பதில்லை. தன் பிழையைத் திருத்துவதற்கு அந்தப் படிப்பில் பாடத்திட்டம் இல்லை. கல்யாண அழைப்பிதழ், நினைவு மலர், சபைகளின் ஆண்டறிக்கை, எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். மற்றவர்கள் சிவப்புப் பென்சில் வைத்திருந்தபோது நான் பச்சைப் பென்சில் வைத்திருந்தேன். சிவப்பு என்றால் பள்ளிக்கூட வாத்தியார் போல இருக்கும் என்று ஒரு கௌரவம். அந்தச் சரகத்திலேயே பச்சைப் பென்சிலால் திருத்துகிறவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு எதிர்மேசையில் அக்கா. என்னைவிட நாலு வயது இளையவர். ஆனால் அச்சகத்தில் எல்லோருக்கும், முதலாளியின் மனைவிக்கும்கூட, அவர் அக்காதான். நெய்யூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மெலிந்த உடம்பு, எப்போதும் பருத்திச் சேலை, கையில் சோற்றுப் பாத்திரம் வைத்த ஒரு துணிப்பை. தட்டச்சும் பக்க வடிவமைப்பும் அவர் வேலை. மணிக்கணக்காகப் பேசாமல் இருப்பார். பேசினால் ஒரு வாக்கியம். நான் அவருக்குச் சார். “சாரே, இந்த வரியில ‘ஒற்று’ வருமா வராதா, ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் வரும்னு மட்டும் சொல்லாதீங்க” என்பார். நான் ரெண்டும் வரும் என்று சொல்லும் வகை.

அச்சகத்தின் உயிர் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதில் இருந்த பக்க வடிவமைப்பு மென்பொருளை விற்ற கடை எப்போதோ மூடிவிட்டது. அதைப் பதித்த குறுந்தகட்டை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. தமிழ் எழுத்துருக்களோ பழைய காலத்தவை. வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் சபை மூப்பர்களின் பெயரெல்லாம் கேள்விக்குறியும் கட்டமுமாகத் தெரியும். ஆகவே வேலைக் கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துப் பயனில்லை. வீடு எரிந்தால் கட்டிலும் பீரோவும் பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கும், படுக்கக் கூரை இருக்காது, அந்தக் கதைதான். இதை முதலாளிக்குப் புரிய வைக்க அக்கா ஒரு வருடம் பாடுபட்டார். பிறகு தானே ஒரு வழி செய்துகொண்டார்: டிஸ்க்கைத் தொடக்கம் முதல் கடைசி வரை, இயங்குதளம், எழுத்துரு, மென்பொருள், அழிக்க மறந்த குப்பை உட்பட, அச்சு அசலாக இன்னொரு டிஸ்க்கில் இறக்குவது. குளோன் போடுவது என்று அதற்குப் பெயர். அந்த நகலிலிருந்தே கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும். தான் நகல் என்பது அதற்கே தெரியாது.

அதிலும் அக்காவின் முறை தனி. பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டிஸ்க். ஒரே கம்பெனி, ஒரே அளவு. மேலே இருப்பதில் பிளாஸ்திரி ஒட்டி ‘கிழக்கு’ என்று எழுதியிருப்பார். கீழே இருப்பதில் ‘மேற்கு’. வாரம் முழுவதும் ஒன்றுக்கு மட்டும்தான் மின்வயர். மற்றது வயர் இல்லாமல் சும்மா கிடக்கும். ஐப்பசியில் எங்கள் ஊரில் விழுகிற இடிக்கு அதுதான் மருந்து. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இரண்டுக்கும் வயர் கொடுத்து, குளோன் போடுவதற்கென்றே உள்ள குறுந்தகட்டால் கம்ப்யூட்டரை எழுப்பி, அந்த வாரம் ஓடியதை மற்றதில் குளோன் போடுவார். பிறகு பழையதை அவிழ்த்துவிட்டு, அடுத்த வாரம் முழுவதும் அந்த நகலிலேயே வேலை. அதற்கடுத்த சனிக்கிழமை திரும்பவும் மறுபக்கம். ஏன் இந்தச் சுற்று என்று கேட்டேன். “ஓட்டிப் பாக்காத நகலு நகலில்ல சாரே. அது வெறும் ஆச” என்றார். எத்தனையோ நூல்களை வாசித்திருக்கிறேன், மேற்கோள் காட்டி அலுக்க வைக்கவும் செய்வேன். இந்த வரி அளவுக்கு எதுவும் என்னைத் துரத்தியதில்லை.

குளோன் போட்டபின் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே பெயர் வந்துவிடும். திரையில் ஒன்று, இரண்டு என்று எண் மட்டும்தான் வித்தியாசம். எந்த வாரம் எந்தத் திசையில் போட வேண்டும் என்று ஜனவரியிலேயே சுவர்க் காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் எழுதிவிடுவார்: ‘கி–மே’, ‘மே–கி’. ஏதாவது ஒரு சனிக்கிழமை அச்சகம் மூடியிருந்தால் வரிசை மாறிவிடும். எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறைக்குப் பஞ்சமில்லை. அப்போதெல்லாம் ரப்பரை எடுத்து, வருடக்கடைசி வரை அழித்து மாற்றி எழுதுவார்.

இனி அந்த அச்சகத்தின் சட்டம். சபைகளுக்குக் குடும்பக் கையேடு அச்சிடுவது எங்களுக்குப் பெரிய வேலை. ஒவ்வொரு குடும்பத்தின் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, படிப்பு, வேலை, கைப்பேசி எண், இரத்தப் பிரிவு எல்லாம் அதில் வரும். எங்கள் பக்கத்தில் கல்யாணத் தரகர்களுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. மணமாகாத பெண், நர்சிங் படிப்பு, தகப்பன் பெயர், எண், எல்லாம் ஒரே வரியில். நான் சொல்ல வரும் சம்பவம் நடப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு பெரிய சபையின் கையேடு வெளிவருவதற்கு முன்பே அதன் பக்கங்கள் தரகர் கைக்குப் போய்விட்டன. கமிட்டிக்காரர்கள் வந்து முதலாளியை நிற்க வைத்துக் கேட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் மாலையும் திருத்திய தாள்களை அச்சகத்தின் பின்புறம் கொளுத்தினோம். வெளியே போகும் ஒவ்வொரு பையையும் முதலாளியே வாசலில் நின்று திறந்து பார்த்தார். ஒரு தாளோ கோப்போ வெளியே போனால் அன்றே வேலை போகும் என்று எல்லோரிடமும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார். எப்படிப் போனது என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அச்சகத்தின் முடிவு. அந்த முடிவில் ஒரு சிறு பிழை இருந்தது.

என் சித்தப்பா ஓய்வு பெற்ற பிறகு கல்யாணத் தரகு பார்த்து வந்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அப்போதெல்லாம் நான் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்துவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சித்தப்பா சாப்பிட வந்தார், சாப்பிட்டார், போனார். அவரோடு பதினாறு தாள்களும் போயின. இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டில் என் பச்சைப் பென்சில் திருத்தங்களோடு அவற்றைப் பார்த்தேன். பிடுங்கிக்கொண்டு வந்து எண்ணினால் பதினைந்து. “ஒண்ண எங்கயோ விட்டுப்போட்டேன் மக்கா” என்றார் சித்தப்பா. பதினைந்தையும் எரித்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே இரண்டு வருடம் நாளை.

சம்பவம் நடந்த வாரம், ஒரு சபையின் நானூறு பக்கக் கையேடு கடைசிக் கட்டத்தில் இருந்தது. திங்கட்கிழமை பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகையில் வெளியீடு. இரண்டு வாரமாக நானும் அக்காவும் கண் எரிய எரிய ஆயிரக்கணக்கான திருத்தம் போட்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து அக்காவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நெய்யூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சனிக்கிழமை அறுவை என்றார்கள். வியாழன் மாலை புறப்படும்போது என்னிடம், “சனியாழ்ச்ச குளோன் மட்டும் போட்டுருங்க சாரே. திசை கலண்டர்ல இருக்கு. வயரு மாட்டுறதுக்கு முன்ன எதுல கரண்டு இருக்குன்னு ஒருக்கா பாத்துக்கிடுங்க” என்றார். மொத்தம் மூன்று வாக்கியம். இரண்டாவதை நினைவில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இரண்டு மணி. பெட்டியைத் திறந்தேன். வயரைச் சொருகினேன், குறுந்தகட்டைப் போட்டேன். காலண்டரில் ‘மே–கி’ என்று இருந்தது. மேற்கு மூலம், கிழக்கு நகல். திரையில் இரண்டு எண்களைத் தேர்ந்தெடுத்தேன். ‘கிழக்கில் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா’ என்ற பொருளில் கம்ப்யூட்டர் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் படித்த மனிதனுக்குரிய நிதானத்தோடு சம்மதம் சொன்னேன். நீலப் பட்டை ஒன்று இடமிருந்து வலமாக ஊரத் தொடங்கியது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று ஒரு நாளிதழை விரித்தேன்.

அப்போதுதான் கட்டைவிரலைப் பார்த்தேன். தூசி. சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒட்டியிருந்தது. வயரைச் சொருகியபோது ஒட்டியது. கீழே இருந்த டிஸ்க்கில். கீழே இருப்பது மேற்கு; வாரம் முழுக்க ஓடிய டிஸ்க் என்றால் அதற்கு வயர் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டாமா, தூசி எப்படிப் படியும் என்று ஒரு கேள்வி வந்தது. காலண்டரைப் பார்த்தேன். போன சனிக்கிழமைக் கட்டம் சிவப்பாக இருந்தது. உள்ளூர் விடுமுறை. அச்சகம் மூடியிருந்தது. குளோன் போடவில்லை. திசை மாறவில்லை. அம்மா விழுந்த பதற்றத்தில் அக்கா ரப்பரை எடுக்கவுமில்லை. அப்படியானால் இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது கிழக்கு. சும்மா கிடந்தது மேற்கு. இரண்டு வாரப் பழையதை எடுத்துப் புதியதன்மேல் நானே ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

பட்டை அப்போது முப்பத்தேழு சதவீதத்தைத் தொட்டிருந்தது. வயரைப் பிடுங்கலாம், பிடுங்கி என்ன ஆகும்? அழிந்த முப்பத்தேழு திரும்பாது, மிச்சம் எழுந்து நிற்காது. விரல்விட்டு மறுபடியும் மறுபடியும் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் விடை ஒன்றே வந்தது. ஒரு மணி நேரம் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்தன. முன்னறையில் முதலாளி யாருக்கோ அழைப்பிதழ் மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். நூறு ஆனதும் கம்ப்யூட்டர் வெற்றிகரமாக முடிந்தது என்று எனக்கு வாழ்த்துச் சொன்னது.

கையேட்டைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு மூப்பர் இருந்தார். தவறுதலாக அவர் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமைதான் நான் அவரை உயிர்ப்பித்திருந்தேன். சனிக்கிழமை அவர் மறுபடியும் காலமாகியிருந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான் கொன்ற பிழைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் எழுந்து வந்து வரிசையாக நின்றன. திருத்திய தாள்களைப் பார்த்து மறுபடி செய்யலாமென்றால், தாள்கள் தினமும் மாலையில் எரிந்துவிட்டன. அந்தச் சட்டம் வரக் காரணமானவன் யார் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சிரிக்க வேண்டிய இடம்தான்.

அக்காவைக் கூப்பிட்டேன். அம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “வெப்ராளப்படாதீங்க, பதறண்டாம். மிசினை அமத்திட்டு இஞ்ச வாங்க” என்றார். முதலாளியிடம் தலைவலி என்று சொன்னேன். பையை அவர் திறந்து பார்த்தார். உள்ளே நாளிதழும் குடையும் பச்சைப் பென்சிலும். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது, நின்றுகொண்டே போனேன்.

தியேட்டர் வாசலில் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஃபிளாஸ்க், போர்வை, அந்தத் துணிப்பை. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் மூச்சு வாங்கி எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கீழ உள்ளதுக்கு வயரு மாட்டினப்பம் தூசி இருந்திச்சா?”

“இருந்தது.”

“அப்பம் கிழக்கு போச்சு.”

கண்ணை மூடினார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவுக்காகவா, கையேட்டுக்காகவா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. பிறகு துணிப்பைக்குள் கைவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்தார். மேல் அடுக்கில் காய்ந்த இட்லி இரண்டு. கீழ் அடுக்கில் தோர்த்துத் துண்டில் சுற்றி ஒரு டிஸ்க். ‘வீடு’ என்று ஒட்டியிருந்தது.

“மாசத்துக்கு ஒண்ணு போட்டு வீட்டுல வெக்குவேன். ஏழு வருசமாச்சு. கிழக்கும் மேற்கும் ஒரே பெட்டிக்குள்ளதானே கெடக்கு. தீப்பிடிச்சா ரெண்டுமில்லா போவும். ஒண்ணாவது வேற கூரைக்குக் கீழ இருக்கணும். இது வியாழாழ்ச்ச போட்டது. ஆஸ்பத்திரிக்கு வாறப்பம் ஆளில்லாத வீட்டுல வெக்க மனசு வரல்ல.”

முத்திரைத்தாளில் அவர் போட்ட கையெழுத்தை நான்தான் சாட்சியாக நின்று பார்த்திருந்தேன். வாசலில் முதலாளி பையைத் திறப்பார். ஒருவரின் சோற்றுப் பாத்திரத்தைத் திற என்று சொல்ல அவருக்கு மனம் வராது. சட்டம் வந்தபிறகும் இரண்டு வருடம் அந்த ஒரு கூச்சத்தின் இடுக்கில்தான் அச்சகத்தின் உயிர் வெளியே போய் வந்திருக்கிறது. வெளியே தெரிந்தால் அக்காவுக்கு வேலை இல்லை. அம்மா உள்ளே படுத்திருக்கிறார். வீட்டில் சம்பளம் வாங்குகிறவர் அக்கா ஒருவர்தான்.

“நான் சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு போய்விடுகிறேன். முதலாளிக்குத் தெரியவே வேண்டாம்” என்றேன்.

என் வயிற்றைப் பார்த்தார். “அங்க ஏற்கெனவே எடமில்ல சாரே” என்றார். சிரிக்கவில்லை. “ரெண்டு வாரத்து வேல அழிஞ்சு பெறகு எப்படி வந்திச்சுன்னு திங்களாழ்ச்ச கேப்பாரு. அப்பம் என்ன சொல்லுவிய? நான் ஒளிச்சு வெளிய கொண்டு வந்தேன். நீங்க ஒளிச்சு உள்ள கொண்டு போண்டாம்.”

என் எதிரிலேயே முதலாளிக்குப் போன் போட்டார். காலண்டரில் திசையைத் தான் மாற்றி எழுதாமல் விட்டதாகவும், அதன்படி செய்ததில் புதியது அழிந்துவிட்டதாகவும் சொன்னார். ஏழு வருடமாக மாதம் ஒரு நகல் போட்டு வீட்டில் வைப்பதாகவும், அது சார் கையில் வருவதாகவும் சொன்னார். “சாருமேல தப்பில்ல மொதலாளி. எனக்க எழுத்தப் பாத்துத்தான் செய்தாரு.” மறுமுனையில் என்ன பேச்சு என்று எனக்குக் கேட்கவில்லை. அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. வயரைப் பார்க்கச் சொல்லியும் நான் பார்க்கவில்லை என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருக்கலாம். கையை நீட்டினால் போன் எட்டும் தூரம். என் கையில் அவருடைய ஃபிளாஸ்க் இருந்தது. அதை ரொம்பப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். தியேட்டர் கதவு திறந்து நர்ஸ் அக்காவின் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா டிஸ்க்கை என் கையில் திணித்துவிட்டு எழுந்து ஓடினார்.

ஆறு மணிக்கு அச்சகத்தில் நானும் முதலாளியும் மட்டும். கிழக்கையும் மேற்கையும் அவிழ்த்துவிட்டு வீட்டை மாட்டினேன். வயர் சொருகுவதற்கு முன் மூன்று தடவை பார்த்தேன். தேவைப்படாத போது ஜாக்கிரதையாக இருப்பதில் நான் சமர்த்தன். பொத்தானை அமுக்கினேன். ஒரு பீப். கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தார். டிஸ்க் கரகரவென்று இருமியது. நின்றது. மறுபடி இருமியது. கோடு மறைந்தது. இதோ போயிற்று என்று நினைத்த நேரத்தில் திரை விடிந்தது. அக்கா அடுக்கி வைத்த அதே வரிசை, அதே படங்கள். கையேட்டைத் திறந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மூப்பர் உயிரோடு இருந்தார்.

முதலாளி நீண்ட மூச்சு விட்டார். அது நன்றி என்று நினைத்தேன். பிளாஸ்திரியில் எழுதியிருந்ததை விரலால் தடவி வாசித்தார்.

“வீடு. ஏழு வருசம். அப்பம் போன தடவ தரகன் கையில போனது இப்பிடித்தான். இல்லியா ஓய்?”

அது டிஸ்க்கிலிருந்து போனதல்ல, தாள் என்று எனக்குத் தெரியும். அதில் பச்சைப் பென்சில் திருத்தம் இருந்தது என்று தெரியும். அதைப் பார்த்த கண் என்னுடையது. சொன்னால் அக்கா தப்பிப்பார். சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது. எனக்கும் வீடு இருந்தது, மகள் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் இருக்கும் காரணங்கள்தான். “இருக்கலாம்” என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். ரெண்டும் வரும் என்று சொல்கிற அதே குரலில்.

திங்கட்கிழமை அந்த டிஸ்க்கிலிருந்துதான் நானூறு பக்கமும் அச்சுக்குப் போயின. அன்று மதியமே முதலாளி அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்து, இனி வர வேண்டாம் என்றார். இன்னும் அச்சேறாதிருந்த கடைசிப் பக்கத்தில் ‘கணினி வடிவமைப்பு’ என்ற வரிக்குக் கீழே இருந்த பெயரை எடுத்துவிடச் சொல்லி எனக்கு உத்தரவு. பச்சைப் பென்சிலால் அடித்தேன். ஓரத்தில் நீக்கற்குறியும் முறைப்படி போட்டேன். பண்டிகையில் கையேடு நல்லபடி வெளியானது. ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார்கள். டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்து எறியும்படி முதலாளி சொன்னார். சுத்தியலையும் கொடுத்தார். ஆற்றில் போட்டுவிட்டேன் என்று மறுநாள் சொன்னேன். அது உடையாமல் எப்படி வெளியே போனது என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் சோற்றுப் பாத்திரம் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

அக்காவின் அம்மா பிழைத்துக்கொண்டார். அக்கா நெய்யூரில் ஒரு சின்னக் கடை போட்டு, விண்ணப்பம் நிரப்புவதும் நகல் எடுப்பதுமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஒன்பது வருடத்தில் அந்தப் பஸ் எனக்குக் கிடைக்கவில்லை.

சென்ற மாதம் என் தங்கை மகனின் கல்யாணத்துக்கு ஒரு பழைய முகவரி தேவைப்பட்டது. தரகர் கைக்குப் போன அந்த முந்தைய கையேட்டில் இருக்கும் என்று தோன்றியது. டிஸ்க்கை மாட்டினேன். இத்தனை வருடமும் விழிக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே அணைத்ததில், அந்தக் கையேடு இருந்த கோப்புறையை ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தேன். பக்கங்களுக்கு நடுவே ஒரே ஒரு படக்கோப்பு இருந்தது. ஆங்கில எழுத்தில் அக்கா வைத்திருந்த பெயர்: ‘சாருக்குத் தெரியண்டாம்’.

பதினாறாவது தாள். மடித்த தடம், ஓரத்தில் வெற்றிலைக் கறை, இரண்டாம் வரியிலும் ஒன்பதாம் வரியிலும் பச்சைப் பென்சில் திருத்தம். நெய்யூரில் அக்காவின் தங்கைக்கு அந்த வருடம் வரன் பார்த்தார்கள். வந்த தரகர் யாரென்றும், அவர் அந்தத் தாளை ‘எங்கயோ விட்டுப்போட்ட’ வீடு எதென்றும் நான் யோசித்து அறிய வேண்டியதில்லை. கோப்பின் தேதி, கமிட்டிக்காரர்கள் வந்து சத்தம் போட்டுச் சென்ற அதே மாதம். அப்படியானால் எதிர்மேசையில் உட்கார்ந்து இரண்டு வருடம் தினமும் என் பச்சைப் பென்சிலைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் அந்த டிஸ்க்கை என் கையில் திணித்தபோது, தன் பெயரைக் காப்பாற்றுகிற சாட்சி அதற்குள் இருப்பது அவருக்குத் தெரியும். குளோன் எதையும் விட்டுவைக்காது; அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். திங்கட்கிழமை முதலாளி முன் நின்றபோதும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான் சொல்வதற்கு இடம் விட்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

போன வாரம் முதலாளி வீட்டுக்குப் போனேன். இப்போது அச்சகம் இல்லை. அவருக்கு ஒரு காது கேட்பதில்லை. கேட்கிற காதின் பக்கம் உட்கார்ந்து, சித்தப்பா, பதினாறு தாள், பச்சைப் பென்சில், வயர், எல்லாவற்றையும் சொன்னேன். முடிக்கும்வரை காதைச் சாய்த்தே வைத்திருந்தார். பிறகு, “அப்பம் அந்த டிஸ்க்க நீரு ஆத்துல போடல்லியா?” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எழுந்தபோது, “அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லும்” என்றார். என்ன சொன்னதாகச் சொல்ல என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன். எண் மாறவில்லை. என் குரலை உடனே கண்டுபிடித்தார்.

“அக்கா, வீடு என்கிட்ட இருக்கு.”

“ஓட்டிப் பாத்தியளா சாரே?”

“பார்த்தேன்.”

“எல்லாம் இருக்கா?”

“எல்லாம் இருக்கு. முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.”

கடையில் யாரோ அவரிடம் எத்தனை நகல் என்று கேட்பது காதில் விழுந்தது. “மூணு” என்று அவர்களுக்குச் சொன்னார். பிறகு என்னிடம், “சனியாழ்ச்ச ரெண்டு மணிக்குப் பெறகு வாங்க. அதுக்கு முன்ன கூட்டமா இருக்கும்” என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். சுருண்ட பிளாஸ்திரியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். நிற்கவில்லை, மறுபடி சுருண்டுகொண்டது. தோர்த்துத் துண்டைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள் மனைவி. சோற்றுப் பாத்திரத்தில் வைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், கையில் பிடித்துக்கொண்டே போகிறேன் என்றேன்.